எழுத்தை எண்ணிய கட்டிடக் கலைஞர்

பலகை விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிப்பவர் என்றதும், திடீரென்று உதித்த யோசனையொன்றால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஒருவரைக் கற்பனை செய்வது நமது வழக்கம். ஸ்கிரபிளைக் கண்டுபிடித்த அல்பிரட் பட்ஸின் வாழ்க்கை அந்தக் கற்பனைக்குள் அடங்காது. அவர் நியூயோர்க்கில் வாழ்ந்த கட்டிடக் கலைஞர். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1931இல் வேலையிழந்தவர். விளையாட்டு ஒன்றை உருவாக்க முனைந்த அவர் பத்திரிகைகளைக் கையில் எடுத்தார். படிப்பதற்கல்ல, எண்ணுவதற்கு. நியூயோர்க் ரைம்ஸின் முதற்பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று பொறுமையாகக் கணக்கெடுத்தார்.

அந்தக் கணக்கின் பயனை இன்றும் ஆங்கில ஸ்கிரபிள் பைக்குள் காணலாம். நூறு வில்லைகளில் 'ஈ' பன்னிரண்டு. 'கியூ', 'இஸட்' ஒவ்வொன்று. ஆனால் அவர் கணக்குக்கு அடிமையாகவில்லை. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'எஸ்' எழுத்துக்கு நான்கு வில்லைகளே கொடுத்தார். எந்தச் சொல்லோடும் அதை ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளி சேர்ப்பது மிக எளிதாகிவிடும் என்பதே காரணம். வில்லைகளைத் தம் கையாலேயே வரைந்து, வெட்டி, ஒட்டினார். மனைவியோடும் நண்பர்களோடும் ஆடிப்பார்த்து விதிகளை மாற்றினார். 1938இலேதான் பலகை வந்து சேர்ந்தது. நிறுவனங்கள் கைவிரித்தன. 1948இல் ஜேம்ஸ் புருனோ தயாரிப்பை ஏற்ற பின்னரும், விற்பனை சூடுபிடிக்க 1950களின் தொடக்கம்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள்!

இதை நான் இங்கு எழுதக் காரணம் உண்டு. வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளில் கரம் பலகைக்குப் பக்கத்தில் ஆங்கில ஸ்கிரபிள் பெட்டியைப் பலமுறை கண்டிருக்கிறேன். விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பிள்ளைகளும் இங்குள்ள பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவது அதைத்தான். தமிழ் அவர்களுக்குப் பாடப்புத்தகமாகவும் பரீட்சையாகவுமே அறிமுகமாகிறது. தமிழிலும் சொல்லாட்டங்களை உருவாக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. எனினும் நானறிந்த வீடுகளில் அவையெதுவும் அந்த ஆங்கிலப் பெட்டியின் இடத்தைப் பிடிக்கவில்லை. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. ஒரு சொல் சரியா பிழையா என்று பிள்ளைகள் சண்டைபிடிக்கும் மொழிக்கு ஆயுள் அதிகம்.

சிக்கல்கள் உண்மையானவை. நமது 247 எழுத்துக்களும் நூறு வில்லைகளுக்குள் அடங்கா. உயிர்க்குறிகளைத் தனியே வெட்டலாமென்றால், 'கொ' என்பதில் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. 'மு', 'டு', 'து' என்பவற்றில் உகரம் ஒவ்வொரு விதமாக ஒட்டிக்கொள்கிறது. அடுத்தது சொல்லின் எல்லை. வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்தும். இவற்றில் எதுவரை அனுமதிப்பது? பட்ஸைத் தொல்லைப்படுத்தியது ஒரேயொரு 'எஸ்'. நமக்கோ 'கள்', 'உம்', வேற்றுமை உருபுகள் என்று ஒரு படையே நிற்கிறது.

இவற்றுக்கு அறிஞர் மாநாடு கூட்டித் தீர்வு காணமுடியாது. வெட்டிய வில்லைகளை மேசையில் பரப்பி, நான்கு பேரை உட்காரவைத்து, எங்கே தகராறு வருகிறது என்று பார்த்து, மறுநாள் மாற்றவேண்டும். அதுவே விளையாட்டு உருவாக்குபவரின் அன்றாடத் தொழில்.

எண்ணும் வேலையை நமது அச்சுத்தொழில் முன்னரே அறிந்திருந்தது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சிறிய அச்சகங்களில் கையால் எழுத்துக் கோர்ப்பது முற்றாக மறைந்துவிடவில்லை. அடிக்கடி தேவைப்படும் எழுத்துக்கள் கைக்கெட்டும் அறைகளில் கூடுதலாகக் குவிந்திருக்கும். அரிதானவை ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். எழுத்துக் கோர்ப்பவரின் விரல்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். ஈய எழுத்துக்களோடு அந்த அறிவும் போய்விட்டது. இன்று பத்திரிகைப் பக்கங்கள் கணினியில் கிடக்கின்றன. எண்ணி முடிக்கச் சில நிமிடங்கள் போதும். ஆயினும் 'ம்' எத்தனை வேண்டும், 'ள்' எத்தனை போதும் என்பதைக் கணினி சொல்லாது. அது ஆடிப்பார்த்தே தெரியவேண்டியது.

கைத்தொலைபேசிக் காலத்தில் பலகையை யார் தொடுவார் என்று கேட்கலாம். தொலைபேசியில் ஆடுவதற்கும் இதே கணக்கும் இதே விதிகளும் தேவை. அதைவிட முக்கியமான காரணமும் ஒன்றுண்டு. ஆங்கில ஸ்கிரபிள் விரிக்கப்படும்போது வீட்டிலுள்ள அம்மம்மா வேடிக்கை பார்க்கிறார். தமிழ்ச் சொற்களால் ஆடும் பலகையில் அவர்தான் தோற்கடிக்கக் கடினமான ஆளாக இருப்பார். அவரிடமுள்ள சொற்களைப் பேரப்பிள்ளைகள் கேட்டு வாங்க, இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அவர் இருக்கும்போதே யாராவது எண்ணத் தொடங்கவேண்டும்.