டில்லி யாருடைய சொத்து?

தலைநகரம் என்றால் தேசத்து ஜனங்கள் எல்லோருக்கும் பொது வீடு என்று பாடப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்லது. பொது வீடு என்றால், அதன் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறது என்று கேட்க நமக்கும் பாத்தியதை உண்டு.

டில்லிப் பிரதேசத்தின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே 1 கோடியே 67 லட்சத்து 87 ஆயிரம் பேர். இத்தனை பேரும் சேர்ந்து 70 பேரைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் மந்திரி உண்டு, மந்திரிகள் உண்டு, காரும் கொடியும் உண்டு. ஆனால் அந்தச் சட்டசபை நிலத்தைப் பற்றிச் சட்டம் செய்ய முடியாது. போலீசைப் பற்றிச் செய்ய முடியாது. பொது அமைதியைப் பற்றியும் செய்ய முடியாது. 1991-ல் அரசியல் சட்டத்துக்குக் கொண்டுவந்த 69-வது திருத்தம் இந்த மூன்றையும் மத்திய சர்க்காரிடம் ஒப்படைத்திருக்கிறது.

நிலமும் போலீசும் இல்லாத சர்க்கார்! குடியானவன் கையில் ஏரைக் கொடுத்துவிட்டு, வயலைப் பூட்டி வைத்துக்கொண்டு, "விளைச்சல் எங்கே?" என்று அதட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. 1911 டிசம்பர் 12-ந் தேதி டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ், தலைநகரத்தைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தான். புதிய நகரத்துக்கு இடம் வேண்டுமே! ராய்சினா, மால்சா முதலிய கிராமங்களின் மண், 1894-ம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் பேரால் பறிபோயிற்று. ராஜஸ்தானத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த கூலி ஜனங்கள் கல் சுமந்தார்கள். 1931 பிப்ரவரியில் புது டில்லியின் திறப்பு விழா நடந்தது. ராய்சினாக் குன்றின்மேல் வைஸ்ராய்க்கு எழுப்பிய 340 அறை மாளிகையில் இப்போது ஜனாதிபதி வசிக்கிறார். மால்சா என்ற பெயரோ, வெளிநாட்டுத் தூதர்கள் குடியிருக்கும் வட்டாரத்தில் ஒரு தெருப் பலகையில் தொங்குகிறது. ஊர் போயிற்று, பலகை மிஞ்சிற்று.

வெள்ளைக்காரன் போன பிறகாவது சாவி கை மாறியதா? 1952-ல் டில்லிக்கு 48 பேர் கொண்ட ஒரு சட்டசபை வந்தது. 1956-ல் அதைக் கலைத்தார்கள். அடுத்த வருஷமே டில்லி அபிவிருத்தி ஆணையம் என்ற மத்திய சர்க்கார் ஸ்தாபனத்தை உண்டாக்கினார்கள். நகரத்து நிலத்தை எடுப்பது, பிரிப்பது, விற்பது எல்லாம் அதன் கையில். இன்றைக்கும் அதன் தலைவர், ஓட்டு வாங்காமல் நியமனத்தில் வந்த லெப்டினன்ட் கவர்னரே! 1993 வரை டில்லி ஜனங்களுக்குச் சட்டசபை கிடையாது; இடையில் யோசனை மட்டும் சொல்லக்கூடிய ஒரு கவுன்சில் இருந்தது. யோசனை சொல்ல அதிகாரம் எதற்கு? அதைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே சொல்லலாமே!

"தலைநகரம் தேசத்துக்கே பொது, ஒரு வட்டாரத்து ஓட்டர்கள் கையில் அதை விடலாமா?" என்று சில மேதாவிகள் வாதாடுகிறார்கள். இந்த வாதத்தில் ஒரு வீசம் நியாயம் இருக்கிறது. பார்லிமெண்டையும், ராணுவ ஆபீஸ்களையும், தூதர் மாளிகைகளையும் மத்திய சர்க்கார் காவல் காக்கட்டும், யார் வேண்டாமென்றார்கள்? அவை பெரும்பாலும் இருக்கும் புது டில்லி நகரசபை எல்லை சுமார் 43 சதுர கிலோமீட்டர், பிரதேசத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு. அந்த நகரசபைக்கென்று தேர்தலே கிடையாது. மிச்சம் 97 பங்கு இருக்கிறதே! பவானாவின் சந்தும் சீலம்பூரின் சாக்கடையும் எந்தத் தூதருக்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன?

(அமெரிக்காவில் வாஷிங்டன் ஜனங்களின் கதியும் இதுதான். பார்லிமெண்டில் ஓட்டுரிமையுள்ள பிரதிநிதி அவர்களுக்கு இல்லை. 2025 ஆகஸ்டில் அந்நாட்டு ஜனாதிபதி அவர்களுடைய போலீசை 30 நாள் தன் கைக்கு எடுத்துக்கொண்டார்.)

2023 மே 11-ந் தேதி, அந்த மூன்று விஷயங்கள் நீங்கலாக மற்ற இலாகாக்களின் உத்தியோகஸ்தர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிசபைக்கே கட்டுப்பட்டவர்கள் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. எட்டே நாளில், மே 19-ல், மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு அதைப் பறித்தது. ஆகஸ்டில் பார்லிமெண்டில் சட்டமாக்கியது. 2025 பிப்ரவரியிலிருந்து இரண்டு இடத்திலும் ஒரே கட்சி இருப்பதால் சண்டைச் சத்தம் ஓய்ந்திருக்கிறது. பறித்தது திரும்பி வரவில்லை.

இதெல்லாம் மந்திரிகளுக்கும் கவர்னருக்கும் உள்ள வழக்கு, பஞ்சாலைத் தொழிலாளிக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். டில்லியும் ஒரு காலத்தில் ஆலைச் சங்கு ஊதிய நகரந்தான். 1889-ல் துவங்கிய டில்லி துணி ஆலை 1989-ல் மூடப்பட்டது. நூறு வருஷம் தறி ஓட்டிய இடம்! 1996 ஜூலையில், 168 அபாயகரமான தொழிற்சாலைகள் நவம்பர் 30-க்குள் டில்லியில் வேலையை நிறுத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பிர்லா ஜவுளி ஆலையும் அதில் அகப்பட்டு, இமாசலப் பிரதேசத்துக்குப் போயிற்று. புகையை ஒழிப்பதற்கு நாம் விரோதிகளல்ல. அந்தப் புகையை முதலில் மூச்சில் வாங்கியவன் தொழிலாளிதானே! ஆனால் நிலம் என்னவாயிற்று என்று பாருங்கள். ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கு ஒப்படைத்துவிட்டு, மிச்சத்தை முதலாளியே மனையாக்கிக் கட்டடம் எழுப்பிக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். தறி நின்ற இடங்களில் அடுக்குமாடி வீடுகள் நின்றன. முதலாளிக்கு ஆலை போனாலும் மண் மிஞ்சிற்று. தொழிலாளிக்கு நஷ்ட ஈட்டுக் கணக்கும் கோர்ட் வாசலுந்தான் மிஞ்சின.

ஆலைகள் வெளியே, தொழிலாளர் அதற்கும் வெளியே. இதற்கு 'தேசியத் தலைநகர் வட்டாரம்' என்று ஒரு பெயர் உண்டு. 1985-ல் சட்டம் செய்து, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவற்றின் ஜில்லாக்களையும் சேர்த்து, கோடு கிழித்தார்கள்; அது இன்றைக்கு சுமார் 55,000 சதுர கிலோமீட்டர். அங்கேயுள்ள குடியானவன் நிலம் கொடுக்க வேண்டும், பால் கொடுக்க வேண்டும், காய்கறி கொடுக்க வேண்டும். அவன் தன் குறையைச் சொல்லத் தலைநகருக்குள் வந்தாலோ?

வந்தான். 2020 நவம்பர் 26-ல், மூன்று விவசாயச் சட்டங்களை எதிர்த்து டிராக்டரோடு வந்தான். சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் தடுத்தார்கள். 2021 பிப்ரவரியில் சாலையில் சிமெண்டுச் சுவர் எழுப்பி, ஆணி அடித்து வைத்தார்கள். எதிரி நாட்டு டாங்கிகளுக்குச் செய்கிற மரியாதையை, சோறு போடுகிறவனுக்குச் செய்தார்கள்! அந்தப் போலீஸ் மத்திய உள்துறையின் போலீஸ். விவசாயிகளை அடைக்க ஸ்டேடியங்களைத் தற்காலிகச் சிறையாக்க வேண்டும் என்று அந்தப் போலீஸ் கேட்டபோது, அன்றைய டில்லி மாநில சர்க்கார் முடியாது என்று மறுத்தது. ஸ்டேடியத்தின் சாவி அதனிடம் இருந்ததால் மறுக்க முடிந்தது. போலீசின் சாவியும் அதனிடம் இருந்திருந்தால் ஆணி அடித்திருப்பார்களா? ஒரு வருஷத்துக்கும் மேலாக விவசாயிகள் அசையவில்லை. அந்தச் சட்டங்களை 2021 நவம்பரில் வாபஸ் வாங்கினார்கள்.

நிலத்தின் சாவிக்கு நம்மவர் கதையே சாட்சி. ஜங்புராவுக்குப் பக்கத்தில், பாராபுல்லா கால்வாய்க் கரையில், 'மதராஸி கேம்ப்' என்ற குடிசைப் பகுதி ஐம்பது வருஷங்களுக்கு மேல் இருந்தது. பிழைக்கப் போன நம் தமிழ் ஜனங்கள் அங்கே வீடு கட்டிக்கொண்டு, சுற்றியுள்ள பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தும், சமையல் செய்தும் ஜீவித்தார்கள். கால்வாயில் தண்ணீர் ஓட வழியில்லை என்று ஹைகோர்ட்டு உத்தரவாயிற்று. 2025 ஜூன் 1-ந் தேதி புல்டோசர்கள் வந்து சுமார் 370 வீடுகளை இடித்தன. மாற்று வீடு கொடுத்தது எங்கே? வடகோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில். அதுவும் எல்லோருக்கும் அல்ல; தகுதிப் பட்டியலில் பெயர் ஏறாதவர்களுக்கு அதுவும் இல்லை. பாத்திரம் தேய்க்கிற பங்களா ஜங்புராவில், படுக்கிற இடம் நரேலாவில். காலை ஆறு மணி வேலைக்கு அந்தப் பெண் எத்தனை மணிக்கு எழுந்து, எந்த பஸ்ஸைப் பிடிப்பாள் என்று அபிவிருத்தி ஆணையத்துக் கனவான்கள் கணக்குப் போட்டுச் சொல்வார்களா?