எந்த மதம் புண்பட்டாலும் எழுதியவர் பக்கம் நிற்போம்!



2017 மார்ச் 16 இரவு, கோவையில் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் திராவிடர் விடுதலைக் கழகத் தோழர். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து, கடவுள் இல்லை என்று சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எழுதியவர். சுட்டுக் கொல்லப்பட்ட சிந்தனையாளர்கள் தபோல்கர், பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் பெயர்களை நம் மேடைகளில் உரக்கச் சொல்கிறோம். ஃபாரூக்கின் பெயரை அதே குரலில் சொல்கிறோமா?

சிறுபான்மையினர் மீது நாள்தோறும் பகை மூட்டப்படும்போது இந்தக் கொலையைப் பேசலாமா என்று சில தோழர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நேர்மை இருக்கிறது. ஆனால் ஃபாரூக்கும் அந்தச் சமூகத்தின் பிள்ளைதானே! அவருக்காக நாம் வாய் திறக்காவிட்டால், இஸ்லாமியர் மீது வெறுப்பை விதைப்பவர்கள் அவர் பெயரைத் தங்கள் அரசியலுக்கு எடுத்துக்கொள்வார்கள். விட்டுவிடப் போகிறோமா?

கேரளத்தில் பேராசிரியர் டி.ஜே. ஜோசப் ஒரு வினாத்தாள் தயாரித்தார். நபியை அவமதித்துவிட்டார் என்று சொல்லி, 2010 ஜூலை 4 அன்று மூவாற்றுப்புழையில் அவருடைய வலது கையை வெட்டினார்கள். அதன் பிறகு அவர் வேலையைப் பறித்தது யார்? அவர் பாடம் நடத்திய கிறிஸ்தவக் கல்லூரி நிர்வாகம். இதில் எந்த மதத்துக்கும் தனிச் சலுகை கொடுக்க முடியாது தோழர்களே.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். நபியைப் பற்றிய ‘ரங்கீலா ரசூல்’ நூலால் எழுந்த கொந்தளிப்பை அடக்கவே, மத நம்பிக்கையை அவமதிப்பதைக் குற்றமாக்கும் 295ஏ பிரிவை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வெள்ளையர் அரசு 1927இல் கொண்டுவந்தது. கொந்தளிப்பு அடங்கியதா? 1929 ஏப்ரலில் லாகூரில் அந்நூலின் பதிப்பாளர் ராஜ்பால் குத்திக் கொல்லப்பட்டார். அதே பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்ற எண்ணோடு நிற்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் எளிதில் கிடைக்காது, மூன்றாண்டு வரை சிறை. கும்பலின் கையில் ஒரு புகார் மனு இருந்தால் போதும், காவல் நிலையமே அதன் வேலையைச் செய்து முடித்துவிடும்.

நாமக்கல் மாவட்டத்தில் நடந்ததை மறக்க முடியுமா? எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வெளிவந்தது 2010இல். நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில், மனம் புண்பட்டதாகச் சொல்லி அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். ஊரில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று மாவட்ட நிர்வாகம் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’க்குப் பெருமாள்முருகனை அழைத்தது. கொளுத்தியவர்களை விட்டுவிட்டு, எழுதியவரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலைக்கு அரசு அலுவலகம் ஒன்று அவரைத் தள்ளியது. அது பச்சையான கட்டப்பஞ்சாயத்து.

அதை எதிர்த்து நீதிமன்றப் படியேறியவர்களில் நம் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத் (தமுஎகச) தோழர் ச. தமிழ்ச்செல்வனும் ஒருவர். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் காகிதம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தை மூடிவைக்கலாம், எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்றது. சேர்ந்து நின்றதால் கிடைத்த வெற்றி அது. ஆனால் அந்த ஜனவரி 12 அன்று, அந்த அறையில் அவரைச் சுற்றி நம் ஆட்கள் நூறு பேர் நின்றிருக்க வேண்டும். இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மனம் புண்பட்டவர் ஊர்வலம் போகட்டும், மறுப்பு நூல் எழுதட்டும், நம்மைத் திட்டியும் எழுதட்டும். அந்த உரிமைக்காகவும் நாம்தான் நிற்க வேண்டும். ஒரு சமூகத்து மக்களை அடி, விரட்டு என்று தூண்டுவது மட்டும் விமர்சனக் கணக்கில் வராது. அதைத் தண்டிக்க வேறு சட்டப் பிரிவுகள் இருக்கின்றன. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: நம் தலைவர்களை எவர் எவ்வளவு பழித்தாலும், நாம் இதுபோன்ற சட்டப் பிரிவுகளைக் கையில் எடுத்துக் காவல் நிலையம் போகக் கூடாது. போனால், நாளை 299ஐ எதிர்க்கும் தகுதி நமக்கு இல்லை.

தோழர்களே, இந்த வாரமே கிளைக் கூட்டங்களைக் கூட்டுங்கள். 299ஐ நீக்கக் கோரித் தீர்மானம் போடுங்கள். உங்கள் ஊரில் மிரட்டலுக்கு ஆளாகும் எழுத்தாளர், ஆசிரியர், கலைஞர் எவராக இருந்தாலும், அவர் எந்த மதத்தை விமர்சித்தார் என்று கேட்காமல் அன்றிரவே அவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். வழக்கறிஞர் தோழர் ஒருவரைக் கையோடு அழைத்துப் போங்கள். ‘பேச்சுவார்த்தை’ என்று எந்த அதிகாரி கூப்பிட்டாலும் அவரைத் தனியே அனுப்பாதீர்கள்!