எடைக்குப் பரிசு கொடுக்காதீர்கள்

அன்பார்ந்த ஊர்மக்களுக்கு,

நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று மறுபடியும் கொழுகொழு குழந்தைப் போட்டி என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். போன வருடம் அதே மேடையில் முதல் பரிசு வாங்கிய குழந்தை இப்போது சென்னையில் புற்றுநோய் வார்டில் கிடக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்தும் ஒட்டியிருக்கிறார்களே என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறோம்.

அன்று அந்தப் பையனுக்கு 14 மாதம், எடை 14 கிலோ. அந்த வயதுக்குச் சராசரி 10 கிலோதான். நாக்கு வாய்க்குள் அடங்காமல் துருத்திக்கொண்டிருந்தது. வலது கால் இடது காலைவிடப் பருமன். நடுவர்கள் பார்த்தார்கள், எடை போட்டார்கள், கூட்டம் கைதட்டியது. பிறந்த நாள் முதலே அந்த நாக்கைப் பற்றித் தாய்க்கு உறுத்தல் இருந்தது; பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். பரிசு வாங்கி, படத்தோடு ஃபிளெக்ஸும் வைத்த பிறகு அவர் பேச்சை யார் கேட்பார்கள்? "ஊரே மெச்சுற பிள்ளைக்கு என்னடி குறைச்சல்?" என்று வாயை அடைத்துவிட்டார்கள். ஏழு மாதம் கழித்துக் குளிப்பாட்டும்போது வயிற்றில் கட்டி கையில் தட்டுப்பட்டது. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி. அதற்குள் சிறுநீரகத்தைத் தாண்டிப் பரவியிருந்தது.

போட்டியால் புற்றுநோய் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ஏழு மாதத்தைத் தின்றது போட்டிதான் என்கிறோம்.

அந்தப் பையனுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இருப்பது பெக்வித்–வீடெமன் நோய்க்குறி. 1963இல் அமெரிக்க மருத்துவர் பெக்வித்தும் 1964இல் ஜெர்மானிய மருத்துவர் வீடெமனும் தனித்தனியே கண்டு எழுதியது. வீடெமன் பார்த்தது ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவரை. 11ஆம் குரோமோசோமில் வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவும் அடக்கும் மரபணுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் கட்டுப்பாடு குலைந்தால் உடம்பு, நாக்கு, ஈரல், சிறுநீரகம் எல்லாம் அளவு மீறி வளரும். 10,000 முதல் 14,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அப்படியானால் வருடத்துக்கு 60 முதல் 80 குழந்தைகள். இவர்களில் எத்தனை பேரைக் கொழுகொழு என்று கொஞ்சிவிட்டு விட்டுவிடுகிறோம்?

இந்தக் குழந்தைகளில் 100க்கு 5 முதல் 10 பேருக்குச் சிறு வயதிலேயே சிறுநீரகத்திலோ ஈரலிலோ கட்டி வருகிறது. அதை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டியது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஏழு வயது வரை. கூட்டிப் பார்த்தால் 28 ஸ்கேன். முதல் சில ஆண்டுகள் ஈரல் கட்டிக்காக ஓர் இரத்தப் பரிசோதனை. ஸ்கேனில் ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் வில்ம்ஸ் கட்டி வந்த குழந்தைகளில் 100க்கு 90 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய சாவை மாலை போட்டு வரவேற்பது என்ன நியாயம்?

அரசுத் தரப்பிலும் குறை இருக்கிறது. அங்கன்வாடி எடை அட்டையில் அபாயக் கோடு கீழே மட்டும்தான். பிள்ளை எவ்வளவு மேலே போனாலும் பச்சைதான். 2013இல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் எங்கள் பிள்ளைகளின் நோய்க்குப் பெயரே இல்லை. அதற்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறோம். ஆனால் சட்டமோ பட்டியலோ மாறும்வரை காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைத்தான் கேட்கிறோம்.

எடையான குழந்தை எல்லாம் நோயாளி இல்லை. ஆனால் நாக்கு பெரிதாக வெளியே நிற்கிறதா, ஒரு கையோ காலோ மற்றதைவிடப் பருத்திருக்கிறதா, தொப்புள் பிதுங்கியிருக்கிறதா, காது மடலில் கீறல் மாதிரி கோடு இருக்கிறதா, பிறந்தவுடன் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி வார்டில் வைத்திருந்தார்களா? இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நர்ஸம்மாவிடமாவது சொல்லுங்கள்.

தாயைக் குற்றம் சொல்வதை நிறுத்துங்கள். கிரகணத்தில் வெளியே போனாள், கண்டதைத் தின்றாள் என்று எங்கள் பெண்கள் கேட்காத பேச்சில்லை. 100க்கு 85 பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல்தான் இது வருகிறது. பரம்பரையாக வரும் சிலருக்குத் தாய்வழி வரலாம். அதுவும் அவள் கேட்டு வாங்கி வந்ததல்ல. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை வேண்டும், வசவு வேண்டாம்.

போட்டி நடத்தும் சங்கத்தாருக்கு: தராசை மேடையில் ஏற்றாதீர்கள். தடுப்பூசி ஒன்றுவிடாமல் போட்ட பெற்றோருக்கு அந்தப் பரிசைக் கொடுங்கள், நாங்களே வந்து கைதட்டுகிறோம். நவம்பர் 10க்குள் அறிவிப்பு மாறவில்லையென்றால் 14ஆம் தேதி காலையில் போட்டி நடக்கும் மண்டப வாசலில் எங்கள் பிள்ளைகளோடு நிற்போம். உள்ளே போகும் ஒவ்வொரு தாயிடமும் போன வருடப் பரிசு பெற்ற பையனின் கதையைச் சொல்வோம். ஏற்கெனவே பெயர் கொடுத்த பெற்றோர் இன்றே போய்த் திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
மிகைவளர்ச்சிக் கோளாறு உள்ள குழந்தைகளின் பெற்றோர்