பொரி உருண்டையும் கனடா எண்ணெயும்!

கார்த்திகை தீபத்துக்கு வீட்ல பொரி உருண்டை பிடிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? பாகு சூடா இருக்கிற வரைக்கும் பொரிக்கு நடுவுல வழுக்கிட்டு ஓடும். ஆறிடுச்சா... போச்சு! என்ன கிளறினாலும் அசையாது.

கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்துல, அதபாஸ்கா பகுதியில பூமிக்கு அடியில இதே கதைதான். பொரிக்குப் பதிலா மணல். பாகுக்குப் பதிலா பிட்டுமென்ங்கிற தார் மாதிரி எண்ணெய். மணல் இடுக்குல கூடவே கொஞ்சம் தண்ணியும் உண்டு. உள்ளே வெப்பநிலை சுமார் 10 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிர்ல எண்ணெயோட பாகுத்தன்மை, தண்ணியைப் போல கிட்டத்தட்ட 10 லட்சம் மடங்கு!

'தண்ணியை பம்ப் பண்ணி எண்ணெயைத் தள்ள வேண்டியதுதானே பாஸ்?' அங்கதான் சிக்கல். ஒரே இடுக்குல ரெண்டு திரவம் போட்டி போட்டா, இளகினதுதான் முந்தும். தண்ணி எண்ணெயைத் தள்ளாது. கிடைச்ச சந்துல விரல் விரலா புகுந்து, அந்தப் பக்கம் எஸ்கேப்! எண்ணெய் இருந்த இடத்துலயே இருக்கும்.

சரி, சூடேத்தினா? 200 டிகிரியைத் தாண்டும்போது எண்ணெயோட பாகுத்தன்மை ஒரு லட்சத்துல ஒரு பங்கா குறைஞ்சிடும். தண்ணியும் இளகும். ஆனா, சுமார் பத்து மடங்குதான். ஆக, 10 லட்சம் மடங்கு இருந்த இடைவெளி சுமார் 100 மடங்கு அளவுக்கு வந்துடுது. சூடு ரெண்டு பேருக்கும் சமமா உதவுறதில்ல. பின்தங்கினவனுக்குத்தான் அள்ளிக் கொடுக்குது!

இதைப் பிடிச்சுக்கிட்டார் ரோஜர் பட்லர்னு ஒரு இன்ஜினீயர். 1970-களின் கடைசியில அவர் சொன்ன ஐடியா ரொம்ப சிம்பிள். சுமார் 5 மீட்டர் இடைவெளியில, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு படுக்கைக் கிணறு. மேல் கிணத்துல நீராவியை விடு. அது மேலே ஏறி, மணலுக்குத் தன் சூட்டைக் கொடுத்துட்டுத் தண்ணியாகும். இளகின எண்ணெயும் அந்தத் தண்ணியும் கீழ்க் கிணத்துக்கு வழியும். இழுக்கிறது யாரு? நம்ம புவியீர்ப்புதான்! இன்னிக்கு ஆல்பெர்ட்டாவில் ஆழத்துல இருக்கிற எண்ணெயை எடுக்க இதுதான் முக்கியமான முறை.

ஆனா பில்லையும் பாருங்க. ஒரு பேரல் எண்ணெய்க்கு சாதாரணமா 2 முதல் 4 பேரல் தண்ணியை ஆவியாக்கணும். அதுக்கு எரியுறது இயற்கை எரிவாயு. புகையா வெளியே போறது கார்பன் டை ஆக்சைடு. ஒரு எரிபொருளை எடுக்க இன்னொரு எரிபொருளைக் கொளுத்துற விநோதம்!

இன்னொரு மேட்டர். சூடு பாகுத்தன்மையை மட்டும்தான் மாத்துதா, இல்ல மணலுக்குள்ள எண்ணெயும் தண்ணியும் வழியைப் பங்கு போட்டுக்கிற விதத்தையே மாத்துதா? சில லேப்கள் 'ஆமா'ங்குது, சில 'இல்லவே இல்ல'ங்குது. 1960-களில் தொடங்கின இந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியல. இதுல கணக்கு தப்பினா, எவ்வளவு ஆவி வேணும்ங்கிற கணக்கும் தப்பும்.

நீராவியோட கரைப்பானையும் கலந்து பில்லைக் குறைக்க முடியுமான்னு இப்ப முயற்சி பண்றாங்க. குறைவா கொதிக்க வெச்சு நிறைய எடுக்கிறவர்தான் அடுத்த பட்லர். அவர் ஏன் உங்க கடைசி பெஞ்ச்ல இருந்து வரக் கூடாது?