பகா எண்ணும் ஆயிரமாண்டுத் தேடலும்

 

எங்கள் வெள்ளிமலையில் கிடைக்கும் கடுக்காய்களில் 12ஐ எடுத்தால் மும்மூன்றாகவோ நந்நான்காகவோ மிச்சமின்றிக் கூறுகட்டலாம். 13ஐ எடுத்தால் எவ்வாறு கட்டினும் மிச்சம் விழும். இவ்வாறு 1ஆலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணே பகா எண். சிறிய எண்ணை வகுத்துப் பார்த்தே அறியலாம். நூறு இலக்கமுள்ள எண்ணை எங்ஙனம் அறிவது?

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம் (ஏறத்தாழ 965–1040) இதற்கோர் அழகிய விதியைக் கூறினார். 7 பகா எண்ணா என்றறிய, 1 முதல் 6 வரையுள்ள எண்களைப் பெருக்குக, 720 வரும். ஒன்றைக் கூட்டினால் 721. அது 7ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 7 பகா எண். 6க்கு இவ்வாறு செய்தால் 121 வரும். அது 6ஆல் வகுபடாது. பகா எண்கள் அனைத்துக்கும் இது பொருந்தும்; பிற எண்களுக்குப் பொருந்தாது. 1770இல் இவ்விதி ஐரோப்பாவில் வில்சன் என்பார் பெயரால் வெளியாயிற்று. மறு ஆண்டே லக்ராஞ்சு அதனை நிறுவிக் காட்டினார்.

விதி பிழையற்றது, ஆயினும் நூறு இலக்க எண்ணுக்கு அவ்வாறே பெருக்கிச் சென்றால் உலகின் கணிப்பொறிகள் யாவும் கூடினும் முடிவு காணா.

எந்த எண்ணுக்கும் பொருந்துவதாய், ஊகத்தையோ தற்செயலையோ சாராததாய், இலக்கங்கள் கூடினும் வேலை கட்டுக்கடங்காமல் பெருகாததாய் ஒரு சோதனை உண்டா என்ற வினா நெடுங்காலம் நின்றது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா எனும் இளைஞர் இருவரும் விடை கண்டனர். 2006இல் அவர்களுக்குக் கோடெல் பரிசு கிடைத்தது.

2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட பகா எண்ணோ 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. 2ஐ 13,62,79,841 தடவை எழுதிப் பெருக்கி 1ஐக் கழித்தால் அது வரும். இவ்வகை எண்களுக்கென்றே விரைவான தனிச்சோதனை உள்ளது. நூற்றுக்கணக்கான இலக்கங்களுடைய பகா எண்களோ, இணையத்தில் செல்லும் இரகசியச் செய்திகளைக் காக்கப் பயன்படுகின்றன.

இப்னுல் ஹைதமின் பெயரை மேடைதோறும் பெருமையுடன் உச்சரிக்கிறோம். அவ்விதியை நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒருமுறையேனும் போட்டுப் பார்த்திருப்பர்? "கணக்கு உனக்கு வராது" என்று மகளையும், "இதனால் என்ன வருமானம்?" என்று மகனையும் நாமே தடுத்துவிடுகிறோம். முன்னோர் விட்ட இடத்திலிருந்து ஓர் அடியேனும் எடுத்து வைப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளைகளை அழைத்து 11ஐச் சோதிக்கச் சொல்லுங்கள். 1 முதல் 10 வரை பெருக்கினால் 36,28,800. மீதியை அவர்களே கூறட்டும்.