மூன்றாவது இடம் யாருக்கு?

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். அதுவும் அமெரிக்கக் கால்பந்து பற்றி. "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்பீர்கள். போன ஆண்டு ஆறு மாதம் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். பேரன் ஒன்பதாம் வகுப்பு. அவனுக்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி என்றால் உயிர். (பெயரில்தான் நியூயார்க். மைதானம் இருப்பது நியூ ஜெர்சியில்.) அவனோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது காலால் உதைத்து விளையாடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், அல்லது எறிய வேண்டும். ஒரு பக்கத்துக்கு 11 பேர். 4 முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறினால் ஆட்டம் தொடரும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவர் கையிலிருந்து பந்தை வாங்கி, எதிரணிச் சுவருக்குள் தலையைக் குனிந்து புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக். நம் கபடியில் பாடிப் போகிறவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைதட்டல் அவருக்குத்தான். அடியும் அவருக்குத்தான்.

ஆகஸ்ட் மாதப் பயிற்சியில் ஒவ்வோர் அணியிலும் 90 பேர் இருப்பார்கள். பருவம் தொடங்குமுன் அதை 53 ஆகக் குறைக்க வேண்டும். 2025இல் கடைசி நாள் ஆகஸ்ட் 26, மாலை 4 மணி. மொத்தம் 32 அணிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 1,180 பேர் ஒரே வாரத்தில் தங்கள் இடத்தை இழக்கிறார்கள். கொஞ்சம் பேருக்குப் பயிற்சிக் குழுவில் வாய்ப்புக் கிடைக்கும். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அந்த வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரே சண்டை. ஜயன்ட்ஸில் ரன்னிங் பேக் யார் யாரை வைத்துக்கொள்ளலாம்? முதல் இரண்டு இடத்தில் எல்லோரும் ஒன்றுபட்டோம். ஒருவர் டைரோன் ட்ரேசி. 2024இல் ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்டவர், முதல் ஆண்டிலேயே 839 கெஜம் ஓடியவர். இன்னொருவர் கேம் ஸ்கட்டெபோ. 2025இல் நான்காவது சுற்றில் வந்த புதுப்பையன், காளை மாதிரி முட்டுவான். மூன்றாவது இடத்தில்தான் சிக்கல். அங்கே இருந்தவர் டெவின் சிங்கிள்டரி. பஃபலோவில் நான்கு ஆண்டு, ஹூஸ்டனில் ஓராண்டு ஆடிவிட்டு 2024இல் ஜயன்ட்ஸுக்கு வந்தவர். மூன்றாண்டு ஒப்பந்தம், 1 கோடியே 65 லட்சம் டாலர்.

பேரன் சொன்னான், "ஆச்சி, அவரு பழைய ஆளு. சின்னப் பையன் ஒருத்தனை வச்சுக்கலாம். அவனை விட்டா வேற டீம் தூக்கிட்டுப் போயிடும்." அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இளையவரை நீக்கினால் மற்ற அணிகள் உரிமை கோர ஒரு நாள் அவகாசம் உண்டு. நாலு பருவம் முடித்த மூத்தவருக்கு அந்த வரிசை கிடையாது, அவரையே மறுபடி பேசி அழைத்துக்கொள்ளலாம். மருமகன் வேறு பக்கமாக வந்தார். "அத்தை, மூணாவது ஆளுக்கு இவ்வளவு காசு எதுக்கு? அதுல ரெண்டு தடுப்பாளர் வாங்கலாம்."

நான் சொன்னது இதுதான், இப்போதும் சொல்வேன். முதல் இரண்டு இடம் திறமைக்கு. மூன்றாவது இடம் நம்பிக்கைக்கு. மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது "இவன் எவ்வளவு வேகமாக ஓடுவான்?" என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. "முன்னால் இருக்கிற இருவரும் விழுந்துவிட்டால், அடுத்த நிமிடம் இவனை உள்ளே அனுப்பலாமா?" என்பதுதான் கேள்வி.

அதற்கு மூன்று சோதனை போதும். ஒன்று, தன்னிடம் பந்து இல்லாதபோது என்ன செய்கிறான்? எதிரணி ஆட்கள் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும்போது குறுக்கே நின்று மோதித் தடுப்பதும் ரன்னிங் பேக்கின் வேலை. அதற்குக் கைதட்டல் கிடைக்காது. தவறினால் குவார்ட்டர்பேக்கின் விலா போகும். இரண்டு, பந்தை நழுவ விடாமல் இருக்கிறானா? மூன்று, உதைத்த பந்தைத் துரத்தும் குழுவில், திருப்பிக் கொண்டுவரும் குழுவில் முகம் சுளிக்காமல் ஓடுகிறானா? 53 பேர் இருந்தாலும் ஆட்ட நாளில் 48 பேருக்கு மேல் உடை உடுத்த முடியாது. பந்து வரும்வரை சும்மா நிற்கிறவனுக்கு அதில் இடம் கொடுப்பது கஷ்டம்.

டெரல் டேவிஸ் கதையைப் பேரன்தான் எனக்குச் சொன்னான். அதைக் கடைசியில் அவனுக்கு எதிராகவே பயன்படுத்தினேன். 1995இல் டென்வர் பிராங்கோஸ் அவரை ஆறாவது சுற்றில், 196ஆவது ஆளாக எடுத்தது. வரிசையில் கடைசிப் பக்கம் இருந்தார். அந்த ஆகஸ்டில் டோக்கியோவில் ஒரு பயிற்சி ஆட்டம். மனம் வெறுத்து ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தாராம். அந்த ஆட்டத்தில் உதைத்த பந்தைத் துரத்தும் குழுவில் அவரை அனுப்பினார்கள். பந்தை எடுத்து ஓடி வந்தவரை அவர் மோதிய மோதலில் பயிற்சியாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கவனத்தில் அவர் விழுந்தது பந்தோடு ஓடியதால் இல்லை, பந்து இல்லாமல் செய்த வேலையால். அந்த ஆண்டே 1,117 கெஜம். 1998இல் 2,008 கெஜம். 2017இல் புகழ்மண்டபத்தில் இடம்.

அதனால் எத்தனையாவது சுற்றில் வந்தான் என்ற கணக்கை ஆகஸ்ட் மாதம் மறந்துவிட வேண்டும். ஏரியன் ஃபாஸ்டரை 2009இல் எந்தச் சுற்றிலும் எவரும் எடுக்கவில்லை. மறு ஆண்டு ஹூஸ்டனுக்காக 1,616 கெஜம் ஓடி, அந்தப் பருவத்தில் எல்லோரையும் முந்தினார்.

உயர்ந்த சுற்றில் வந்தவர்கள் எல்லாம் வீண் என்றும் நான் சொல்லவில்லை. ஜயன்ட்ஸே 2018இல் இரண்டாவது ஆளாக எடுத்த சேக்வான் பார்க்லியை 2024இல் போக விட்டது. பக்கத்து ஊர் ஃபிலடெல்ஃபியா அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு 2,005 கெஜம், கோப்பை. பேரனுக்கு அது இன்னும் ஆறாத புண். ஆனால் அதிலும் ஒரு பாடம் உண்டு. அவர் முன்னால் நின்ற தடுப்பாளர்கள் மாறினார்கள், அவர் ஓட்டமும் மாறியது. வெறும் கெஜக் கணக்கை வைத்து ஒருவனை எடை போடுவது, வீட்டுச் சூழல் தெரியாமல் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்ப்பது மாதிரி.

ஒரு தவறுக்காக ஒருவனைக் கழிப்பதும் சரியில்லை. இதே ட்ரேசி, 2024 நவம்பரில் மியூனிக்கில் கரோலினாவுக்கு எதிரான ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் தொடக்கத்திலேயே பந்தை நழுவவிட்டார். ஆட்டம் போனது. அன்றைக்கு அவரை ஓரம் கட்டியிருந்தால் அந்த 839 எங்கிருந்து வந்திருக்கும்?

சரி, மேசைச் சண்டை என்ன ஆனது? ஜயன்ட்ஸ் சிங்கிள்டரியை வைத்துக்கொண்டது. செப்டம்பரில் மூன்றாவது ஆட்டத்திலேயே ட்ரேசிக்குத் தோளில் அடி. அக்டோபர் 26இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கட்டெபோவுக்குக் கணுக்கால் விலகி, அந்தப் பருவமே முடிந்தது. எட்டு வாரத்துக்குள் முதல் இருவருக்கும் காயம். "பாத்தியாடா?" என்றேன். அவன் விடுவானா? "ஆனா ஆச்சி, டீம் தோத்துட்டேதானே இருக்கு!" அதுவும் உண்மைதான். மூன்றாவது ஆள் அணியை ஜெயிக்க வைக்க மாட்டார். அணி நொறுங்கிப்போகாமல் கொஞ்சம் தாங்குவார். அவ்வளவுதான் அவர் வேலை.

இவ்வளவு வேகமாக நான் பேசுவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வட்டார விளையாட்டுப் போட்டிக்குப் பெண்கள் கபடி அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 12 பேர் அணி, களத்தில் 7 பேர். கடைசி இடத்துக்கு இரண்டு பிள்ளைகள். ஒருத்தி முந்தைய ஆண்டு பேர் வாங்கியவள், பயிற்சிக்குப் பாதி நாள் வரமாட்டாள். இன்னொருத்தி காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து சுண்ணாம்புக் கோடு போடுவாள், பிடியில் கெட்டிக்காரி, பாடத் தெரியாது. நான் பேர் வாங்கியவளை எழுதினேன். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை மைதானத்துக்கு வரவே இல்லை. போட்டியில் ஜெயித்தோமா தோற்றோமா என்பது இப்போது நினைவில் இல்லை. போடாமல் கிடந்த அந்தச் சுண்ணாம்புக் கோடு நினைவிருக்கிறது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நீக்கப்படுகிறவரிடம் ஆள் வந்து, "பயிற்சியாளர் கூப்பிடுகிறார், ஆட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா" என்பார். கொடுமையான அழைப்புதான். ஆனாலும் அறைக்குள் உட்கார வைத்து முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்த அளவு மரியாதையைக்கூட நான் ஒரு 13 வயதுப் பிள்ளைக்குத் தரவில்லை.

இன்னொன்றையும் மருமகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அணியில் மூன்று ஆட்டமாவது இருந்தால் அது ஓர் ஆண்டாகக் கணக்காகும். அப்படி மூன்று ஆண்டு சேர்ந்தால்தான் ஓய்வூதியம். உடம்பை அவ்வளவு சீக்கிரம் தேய்த்துவிடும் வேலை இது. அப்படியென்றால் மூன்றாவது இடம் யாருக்கு என்பது சிலருக்கு ஆயுள் முழுவதற்குமான கேள்வி. 2003 ஏப்ரலுக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர், பின் சேர்ந்தவர் என்று ஒரே ஓய்வறையில் இரண்டு விதமான முதுமையைப் பார்த்த நம் ஆசிரியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆகவே என் தீர்ப்பு: மூன்றாவது இடத்தைப் பழைய பெயருக்கும் கொடுக்காதீர்கள், புதுக் கனவுக்கும் கொடுக்காதீர்கள். பந்து கையில் இல்லாத நேரத்தில் வேலை செய்கிறவனுக்குக் கொடுங்கள். கிடைக்காதவனைக் கூப்பிட்டு, காரணத்தை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பள்ளி அணி, கலைநிகழ்ச்சி, வினாடிவினா என்று எதற்காவது பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் கடைசி இடத்தை யாருக்குக் கொடுத்தீர்கள்? விட்டுப்போன பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.