நாய்க்கு எதற்கு நெல்லிக்காய்ச் சாறு?

வாழைப்பூ ஆய்கிறவர்கள் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் மோர் கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். நறுக்கியதை உடனே அதில் போடாவிட்டால் கறுத்துவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செய்யும் வேலை அது. மோரின் புளிப்பு அந்த வேலையைத் தடுக்கிறது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று இன்று பாட்டிலில் அடைத்து விற்கும் சங்கதியின் அடிப்படை இதற்கு வெகு தொலைவில் இல்லை. உடலுக்குள்ளும் மூச்சுவிடுதல், ஓட்டம், நோய், முதுமை எல்லாமே செல்களைக் 'கறுக்கச் செய்யும்' மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அவற்றை அடக்கும் பொருள்களும் உடலில் இருக்கின்றன, உணவிலிருந்தும் வருகின்றன. இது மனிதருக்கும் நாய்க்கும் பொது. ஆனால் எந்தப் பொருளை உடல் தானே செய்துகொள்கிறது, எதைத் தட்டில் வைக்க வேண்டும், எது விஷமாகும் என்பது பொதுவல்ல. திருநெல்வேலியில் நாய் வளர்ப்போர் நெல்லிக்காய், மஞ்சள், முருங்கை என்று பெயர் போட்ட நாய் டானிக்கைத் தேடத் தொடங்கியிருக்கும் நேரத்தில் இந்த வேறுபாட்டைப் பேசியாக வேண்டும். நம் உடம்புக்குப் படித்த பாடத்தை நாயின் மேல் ஏற்றுகிறோம் என்பதே என் வாதம். பாட்டில் வாங்குவதற்கு முன் தட்டைப் பார்க்க வேண்டும்.

முதலில் நெல்லிக்காய். அதன் புகழ் பெரிதும் வைட்டமின் சி-யால் வந்தது. மனிதருக்கு அது உணவில் வந்தே தீர வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதிக்கான மரபணு நம் இனத்தில் பரிணாம வழியில் என்றோ செயலிழந்துவிட்டது. அதனால்தான் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. நாய்க்கு அந்தக் குறை கிடையாது. அதன் கல்லீரல் குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்கிறது. ஆரோக்கியமான நாய்க்கு நெல்லிக்காய்ச் சாறு கொடுப்பது ஆற்றங்கரையில் இருப்பவருக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது போல. கூடுதலாகக் கொடுத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். பந்தய கிரேஹவுண்ட் நாய்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில், தினமும் 1 கிராம் வைட்டமின் சி கொடுத்த காலத்தில் நாய்கள் 500 மீட்டர் ஓட்டத்தில் சுமார் 0.2 விநாடி மெதுவாக ஓடின. நாய்கள் ஐந்தே ஐந்து. ஆகவே இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் 'கொடுத்தால் வேகம் கூடும்' என்ற வாய்ப்பேச்சுக்கு இது நேர் எதிரான சான்று. கழுகுமலை, கோவில்பட்டி, சிப்பிப்பாறைப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்த கன்னியும் சிப்பிப்பாறையும் கிரேஹவுண்டைப் போலவே கண்ணால் இரையைத் துரத்தும் ஒடிசல் உடல் நாய்கள் என்பதால், இந்தச் செய்தி நமக்கு வெளிநாட்டுச் செய்தி அல்ல.

அடுத்தது வெங்காயம், இந்த விவகாரத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது. மனிதருக்கான பட்டியல்களில் வெங்காயமும் பூண்டும் சிறந்த ஆன்டி-ஆக்ஸிடன்ட் உணவுகள். நாயின் உடலில் அவை நேர்மாறாக வேலை செய்கின்றன. அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை ஆக்ஸிஜனேற்றத்தால் சிதைக்கின்றன. ஹீமோகுளோபின் திரண்டு அணுவின் ஓரத்தில் புள்ளியாக ஒட்டிக்கொள்ள, உடல் அந்த அணுக்களை அழித்துவிடுகிறது. வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போவதில்லை. கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். 10 கிலோ நாய்க்கு இது 150 கிராமிலிருந்து தொடங்குகிறது. ஒரே வேளையில் அவ்வளவு போகாது என்பது உண்மை. ஆனால் மிஞ்சிய சாம்பார், மீன் குழம்பு, சால்னா ஊற்றிப் பிசைந்த சோறு அன்றாடம் போகும் வீடுகளில் சிறுகச் சிறுகச் சேதம் சேர வாய்ப்புண்டு. குழம்பில் இன்னொன்றும் இருக்கிறது: புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்ததே. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்ற கருத்து அண்மையில் வலுத்தது. 2022-ல் வெளியான நோயாளி விவரத் தொகுப்பில், அந்த அமிலத்தின் உப்பைத் தின்ற நாய்களோடு புளி தின்ற நாய்களுக்கும் அதே வகைச் சிறுநீரகச் செயலிழப்பு பதிவாகியிருக்கிறது. புளியின் புளிப்பே டார்டாரிக் அமிலம்தான். குழம்பில் கரைந்த அளவு சிறிது என்று சமாதானம் சொல்லலாம். காலையில் குழம்புச் சோறும் மாலையில் 'செல்களைக் காக்கும்' சொட்டு மருந்தும் ஊற்றுகிற வீட்டில் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு அந்தச் சமாதானம் பதிலாகாது.

அப்படியானால் நம் நாய்களுக்கு உண்மையில் எது குறையக்கூடும்? தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்த பள்ளத்தாக்கு இது. இங்கே நாய்க்கும் சோறுதான், பெரும்பாலும் தயிர்ச்சோறு அல்லது பால்சோறு. நெல்லின் வைட்டமின் ஈ பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. ஆலையில் தீட்டியபின் தவிடு மாட்டுக்குப் போகிறது, வெள்ளைச் சோறு நாய்க்கு வருகிறது. வைட்டமின் ஈ-யையும் செலினியத்தையும் நாய் தானே செய்துகொள்ள முடியாது. அவை உணவில் வர வேண்டும், புரதமும் போதிய அளவு வர வேண்டும். உடலுக்குள்ளிருக்கும் பல பாதுகாப்பு நொதிகளும், குளூட்டாதயோன் என்ற ஆன்டி-ஆக்ஸிடன்டும் புரதத்தின் கூறுகளால் ஆனவை. இதற்கான மலிவான பதில் கிழக்கே இருக்கிறது. புன்னைக்காயலில் ஆறு கடலில் கலக்கும் கரையோரத்துச் சாளை மீனில் நல்ல புரதமும் செலினியமும் உண்டு. உப்பு, மிளகாய், புளி, வெங்காயம் எதுவுமின்றி அவித்து, முள்ளைக் கவனித்துச் சோற்றில் பிசைந்தால் போதும். கருவாடு வேண்டாம், உப்பு மிகுதி. ஆனால் மீன் கொழுப்பு எளிதில் ஆக்ஸிஜனேறும் வகை. மீன் கூடக்கூட வைட்டமின் ஈ தேவையும் கூடும். எனவே தினமும் மீன் மட்டும் என்று போகாமல் முட்டை, கோழி, கொஞ்சம் ஈரல், சில சொட்டு சூரியகாந்தி எண்ணெய் என்று மாற்றிக் கொடுப்பது நல்லது. ஈரலும் அளவோடுதான், அதிலுள்ள வைட்டமின் ஏ சேர்ந்துகொண்டே போனால் எலும்பைப் பாதிக்கும். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் 400 மில்லிகிராம் வைட்டமின் ஈ குளிகையைப் பிய்த்து ஊற்றுவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும்: அமெரிக்கத் தீவன நெறிமுறை கேட்பது ஒரு கிலோ உலர் உணவுக்குக் குறைந்தது 50 யூனிட். நாளுக்கு 300 கிராம் உலர் உணவு தின்னும் நாய்க்கு 15 யூனிட். ஒரு மில்லிகிராமை ஒரு யூனிட்டாக வைத்துப் பார்த்தால், ஒரு குளிகை அதைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல்.

என் வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான சான்று பீகிள் நாய்களிடமிருந்து வருகிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. டொரன்டோ, கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வயதான பீகிள்களுக்கு வைட்டமின் ஈ, சி, லிப்போயிக் அமிலம், கார்னிட்டின், கீரை, தக்காளி, கேரட் போன்றவை சேர்த்த உணவை இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-ல் வெளியான முடிவு தெளிவானது: அந்த உணவைத் தின்ற கிழ நாய்கள் புதிய பாடங்களைச் சாதாரண உணவு தின்றவற்றைவிட நன்றாகக் கற்றன. ஆகவே ஆன்டி-ஆக்ஸிடன்ட் வெறும் விளம்பரப் பேச்சு அல்ல. ஆனால் அந்த ஆய்வை எடுத்துக்காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அங்கே கொடுத்தது எல்லாச் சத்தும் அளவிட்டுச் சேர்த்த முழு உணவு. தயிர்ச்சோற்றின் மேல் ஊற்றிய இரண்டு மூடி சிரப் அல்ல. மற்றொன்று, எல்லாரையும்விட நன்றாகக் கற்ற குழு, நல்ல உணவோடு கூடுதல் நடை, துணைக்கு இன்னொரு நாய், விளையாட்டுப் பொருள், கற்றல் பயிற்சி ஆகியவையும் பெற்ற குழு. நாள் முழுவதும் கொட்டிலில் கட்டிப்போட்ட நாய்க்கு அந்த ஆய்வின் பாதியை எந்தக் கடையும் விற்க முடியாது. அலாஸ்காவில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கு அவுரிநெல்லிப் பழம் கொடுத்த ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது: ரத்தத்தில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் அளவு கூடியது, தசைச் சேதம் குறையவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் ஏறுவதும் நாய் நலமாக இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் சீசா மேல் அச்சாவது பெரும்பாலும் அந்த எண்தான்.

மரபறிவை மதிக்கவில்லையா என்றொரு கேள்வி வரும். முருங்கைக் கீரையை நான் தள்ளவில்லை. அதிலுள்ள பீட்டா கரோட்டினை நாயின் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். பூனையால் அது முடியாது. பரங்கிக்காய், கேரட், சீனிக்கிழங்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவித்து மசித்து ஒரு கைப்பிடி சோற்றில் சேர்ப்பது உணவு, நார்ச்சத்தும் கிடைக்கிறது. அதையே உலர்த்திப் பொடியாக்கி, செறிவூட்டி, நோய் எதிர்ப்பு என்று பெயர் வைத்ததும் அது மருந்தாக வேடம் போடுகிறது; அப்போது மருந்திடம் கேட்கிற கேள்விகளை அதனிடமும் கேட்க வேண்டும். மஞ்சளும் அப்படியே. அதிலுள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது; குழம்பு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகையில் மூட்டுவலி போய்விடும் என்று எதிர்பார்ப்பது அதிகம். செறிவு கூடும்போது குணம் மாறக்கூடும் என்பதை மனித மருத்துவம் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. ஃபின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட ஆண் புகைபிடிப்போரிடம் நடந்து 1994-ல் முடிவு வெளியான சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் யாரையும் கொன்றதில்லை, பிரச்சினை மாத்திரையில் இருந்தது.

ஆன்டி-ஆக்ஸிடன்ட் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியும் வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு, அது நாயின் உடலுக்கு வெளியே, தீவனப் பைக்குள். உலர் தீவனத்திலுள்ள கொழுப்பு கெடாமலிருக்க அதில் டோக்கோஃபெரால் (வைட்டமின் ஈ), ரோஸ்மேரிச் சாறு, அல்லது செயற்கைப் பொருள்கள் சேர்க்கிறார்கள். முன்பு பரவலாக இருந்த எத்தாக்ஸிகுவினைக் கேள்விகள் சூழ்ந்ததால் அமெரிக்கா 1997-ல் அளவைக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அனுமதியையே நிறுத்தியது. பையைப் பிரித்ததும் காற்றும் வெப்பமும் உள்ளே புகுகின்றன. திருநெல்வேலிக் கோடையில், திறந்த சாக்கிலிருந்து சில்லறையாக நிறுத்து விற்கும் தீவனத்தில் கொழுப்பு சிக்கடித்து, உள்ளிருந்த வைட்டமின் ஈ அந்தப் போரிலேயே செலவழிந்துவிடும். தேதி தெரியாத அந்தத் தீவனத்தோடு புது சப்ளிமென்ட் வாங்குவதைவிட, மூடிய சிறு பையாக வாங்கி, அதே பையில் வாயைச் சுருட்டிக் காற்றுப் புகாத டப்பாவுக்குள் நிழலில் வைப்பது பயனுள்ளது. செலவும் இல்லை.

டானிக்கால் என்ன கெட்டுவிடப்போகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்பாரும் உண்டு. பல சமயம் டானிக்கால் எதுவும் கெடாது. அது தின்னும் காலத்தால் கெடும். நம் வெயிலில் உண்ணி ஆண்டு முழுக்க இருக்கும். உண்ணி பரப்பும் பேபீசியா ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைக்கும், எர்லிக்கியா தட்டணுக்களைக் குறைக்கும். நாய் சோர்ந்து படுக்கிறது, தின்ன மறுக்கிறது, ஈறு வெளுக்கிறது. 'எதிர்ப்புச் சக்தி குறைவு' என்று ஒரு வாரம் சிரப் ஊற்றிவிட்டுக் கொண்டுபோனால், ஒரு துளி ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துத் தொடங்கியிருக்க வேண்டிய சிகிச்சை ஒரு வாரம் பிந்திவிடுகிறது. கால்நடை மருத்துவர் சிகிச்சையோடு சேர்த்து ஆன்டி-ஆக்ஸிடன்ட் எழுதிக்கொடுத்தால் அது வேறு விஷயம். கல்லீரல் நோயிலும் கிழ நாய்களின் மறதியிலும் அவற்றுக்கு இடமுண்டு, அளவும் அவருக்குத் தெரியும்.

மீனும் முட்டையும் எல்லா வீட்டாலும் முடியுமா என்பதுதான் இவற்றில் எனக்குக் கனமாகப் படும் கேள்வி. நாய் முழுக்க இறைச்சி தின்னியாக இருக்க வேண்டும் என்று சொல்வோரின் பேச்சு இங்கே உதவாது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல படிகளாகப் பெருகியிருப்பதை 2013-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மனிதரோடு சேர்ந்து கஞ்சி குடித்துப் பழகிய விலங்கு அது. கரிசலின் நாய்கள் கம்பங்கூழிலும் சோளக்கஞ்சியிலும் வளர்ந்தன, கூடவே முயல் வேட்டையில் கொஞ்சம் கறியும் கிடைத்தது. வேட்டை 1972 சட்டத்துக்குப் பின் குற்றமாகிவிட்டது; கறி போய்விட்டது, கஞ்சி மட்டும் நின்றது. அந்த இடைவெளியை நிரப்ப வாரம் சில முட்டை, கொஞ்சம் சாளை, வெந்த பயறு போதும். எந்த டானிக்கின் மாதச் செலவோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் 2020-ல் தேசிய அளவில் தனி இனங்களாகப் பதிவாகிவிட்டன. பெயர் பதிவானதால் அவற்றின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடாது. திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே இப்படி ஓர் ஆய்வு நடத்தலாம்: சிப்பிப்பாறை நாய்களில் இரண்டு குழு, ஒன்றுக்கு வழக்கமான சோறு, மற்றதற்கு அதே சோற்றோடு சாளையும் முட்டையும் முருங்கைக் கீரையும், ஆறு மாதம், தொடக்கத்திலும் முடிவிலும் ரத்தத்தில் வைட்டமின் ஈ, செலினியம், சிவப்பணு எண்ணிக்கை. இதற்கு மேல்நாட்டுப் பழமும் வேண்டாம், புது இயந்திரமும் வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும், அதை ஒரு பக்கத் தாளில் தமிழில் அச்சடித்து, வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்கு நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் கையில் கொடுக்கலாம்.